செல்லாத சூடம்

அம்மனுக்குப் படைக்க வைத்திருந்த பாயசத்தில் இனிப்புப் பார்த்தவள் எங்கள் ஊரில் ஒருத்திதான். அவள் என் அத்தை, அப்பாவுக்கு மூத்தவள். பெயரை எழுதப் போவதில்லை. உயிரோடு இருந்த காலமெல்லாம் அவளை வாயில் போட்டு மென்ற ஊர், பெயரைக் கண்டால் இன்னொரு முறை மெல்லும்.

கொடை என்கிற அம்மன் கோயில் திருவிழாவுக்குச் சமைக்கிற எதுவும் அம்மனுக்கு வைத்த பிறகுதான் மனித நாக்கில் படலாம். அது வழக்கம். அதுவரை உப்பும் சர்க்கரையும் கைக்கணக்குத்தான். அந்த வருஷம் எட்டு உருளிப் பாயசம். அத்தை ஏழாவது உருளியில் அகப்பையை விட்டு, உள்ளங்கையில் ஒரு சொட்டு ஊற்றி நக்கிப் பார்த்துவிட்டு, "சர்க்கரை பத்தாது" என்றாள். சமையலுக்கு வந்திருந்த தவசிப்பிள்ளை அகப்பையைப் பிடுங்கிக்கொண்டார்.

"என்ன காரியம் செய்தேள்! அம்மனுக்கு வைக்கதுக்கு முந்தி எச்சிலாக்கிட்டேளே!"

"நூத்தி எழுவது இலைக்கு விளம்பணும். இது வாயில வைக்கக் கொள்ளாது. வாயில வைக்கக் கொள்ளாதத அம்மன் தலையில கட்டப் பாக்கேரா?"

அந்த உருளியைத் தூக்கிக்கொண்டு போய் வாய்க்காலில் கொட்டினார்கள். மீதி ஏழிலும் ஒரு பிடி சர்க்கரைகூடச் சேர்க்கவில்லை. சேர்த்தால் அவள் சொன்னது சரி என்று ஆகிவிடுமே. ஊர் முழுக்க முகத்தைச் சுளித்துக்கொண்டு அந்தச் சப்பென்ற பாயசத்தைக் குடித்தது. இலைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அறுபத்து மூன்று இலைகளில் பாயசம் மிச்சம் கிடந்தது.

அத்தைக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. இதைச் சொல்லும்போது எங்கள் ஊர்க்காரர்கள் குரலைத் தாழ்த்துவார்கள், ஏதோ தொற்றுநோயைச் சொல்வதுபோல. எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. நான் தினமும் திருநீறு பூசுகிறவன். இன்றைக்கும் பூசியிருக்கிறேன். ஆனாலும் சொல்கிறேன், அவளுக்கு நம்பிக்கை கிடையாது, அவ்வளவுதான்.

சின்ன வயதில் புருஷன் செத்ததால் சாமியை வெறுத்துவிட்டாள் என்று ஒரு கதை கட்டியிருந்தார்கள். அது அவர்களுக்கு வசதி. துக்கத்தில் புத்தி கெட்டவள் என்று ஆக்கிவிட்டால் அவள் கேட்கிற கேள்விக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. நானே ஒருமுறை அவளிடம் கேட்டேன். அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அவிய இருக்கும்போதே எனக்குத் தோணல்ல மக்கா. சுசீந்திரம் தேருக்குக் கூட்டிட்டுப் போவாவ. எல்லாரும் கண்ண மூடிக்கிட்டு நிப்பா. நான் தேரப் பாத்துக்கிட்டு நிப்பேன். நல்ல தேரு."

"மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியாம? 'நீ கண்ணத் தொறந்துக்கிட்டே நில்லு, செருப்பு களவு போகாம இருக்கும்'பாவ."

அவளுடைய குணம் முழுவதும் அந்தத் 'தோணல்ல'வில் இருந்தது. தோன்றாததைத் தோன்றியதாகச் சொல்ல மாட்டாள். தெரியாததைத் தெரியும் என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. நான் அப்போது தக்கலையில் ஓர் ஆபீசில் குமாஸ்தா. திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாக இருந்த காலம். நாகர்கோவிலில் படித்துக்கொண்டிருந்த என் சிநேகிதன் ஒருத்தன் கடவுள் இல்லை என்று மேடையில் பேசுவான். அத்தையைப் பற்றிக் கேள்விப்பட்டு, தங்கள் கூட்டத்துக்கு ஆள் கிடைத்தது என்று சந்தோஷமாக வந்தான். அவள் சுக்குக் காப்பி கொடுத்து, அவன் பேசியதை முழுக்கக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "தம்பி, நீ இல்லேன்னு இவ்வளவு உறுதியாச் சொல்லுகே. கோயில்ல அவிய உண்டுன்னு உறுதியாச் சொல்லுகாவ. ரெண்டு பேரும் போய்ப் பாத்துட்டு வந்த மாதிரில்லா இருக்கு." அவன் காப்பியைக் குடித்துவிட்டுப் போனவன்தான். திரும்ப வரவில்லை.

எங்கள் தெருவில் ஒரு பெண்ணின் கைக்குழந்தை காய்ச்சலில் இறந்தது. வந்த பெண்கள் எல்லாரும் 'அம்மன் தன் பிள்ளையை அழைச்சுக்கிட்டா' என்றார்கள். அத்தை குழந்தையின் துணிகளைப் பொறுக்கிக்கொண்டு போய் வாய்க்காலில் அலசிக் காயப்போட்டாள். "ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?" என்று ஒருத்தி கேட்டாள். "பிள்ளை போயிட்டு. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாதே, என்னத்தச் சொல்ல?" என்றாள் அத்தை. கல்நெஞ்சக்காரி என்று அன்றைக்கே பெயர் வைத்தாயிற்று. ஆனால் அந்தத் தாய் பிறகு மாதக்கணக்கில் போய் உட்கார்ந்தது அத்தையின் அடுக்களையில்தான். அம்மன் அழைத்துக்கொண்டாள் என்று சொன்ன ஒருத்தி வீட்டுக்கும் அவள் போகவில்லை. இதை யாராவது கவனித்தார்களா? நான் கவனித்தேன்.

யார் வீட்டில் யார் படுத்தாலும் கஞ்சி கொடுக்கவும் துணி மாற்றவும் அத்தையைத்தான் கூப்பிடுவார்கள். அதற்கெல்லாம் அவள் வேண்டும். ஆனால் தயாராக ஒரு கேள்வியும் வைத்திருந்தார்கள்: "சாமி பயம் இல்லாதவளுக்கு வேற எதுதான் பயம்? அவ எதையும் செய்வா." சாமி பயம் உள்ளவர்கள் என்ன செய்தார்கள் என்று நான் சொல்லட்டுமா? தினம் இரண்டு வேளை கோயிலுக்குப் போனவர்களில், தம்பி பங்கை அமுக்கியவர்கள் எங்கள் தெருவில் மட்டும் நாலு பேர். பெண்டாட்டியைக் கைநீட்டி அடிக்காதவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம், விரல் மிஞ்சும். அத்தை எதையும் செய்வாளாம்!

இப்போது தாயம்மை விஷயத்துக்கு வருகிறேன். அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஊருக்குத் தெற்கே ஒரு பெரிய தென்னந்தோப்பு. அதன் வடமூலையில் தாயம்மையின் குடிசை. தாயம்மையின் புருஷன் அந்தத் தோப்பில் தேங்காய் வெட்டுகிறவன். ஒரு மழைக்காலத்தில் மரத்திலிருந்து விழுந்து அங்கேயே செத்தான். தாயம்மை அதன் பிறகு நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்ப் பிழைத்தாள். சில வருஷங்களில் தோப்புக்காரரும் படுக்கையில் விழுந்தார். கஞ்சி கொடுக்க அத்தை போனாள். ஒருநாள் மத்தியானம் அந்த அறையில் மூன்றே பேர்: கிழவர், அவருடைய மகன் பூதலிங்கம் பிள்ளை, கஞ்சிக் கிண்ணத்தோடு அத்தை. கிழவர் மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னாராம்: "அந்த வடமூலை தாயம்மைக்குள்ளது. குடிசையும் மூணு தென்னையும். அவ மாப்பிள்ளை என் மரத்திலதான் செத்தான். எழுதி வைக்க இனி எனக்குக் கை வராது. நீயும் கேட்டுக்கோ, நீயும் கேட்டுக்கோ." மகன் "சரிப்பா" என்றார். மறுநாள் கிழவர் போய்விட்டார்.

பதினாறாம் நாள் சடங்கு முடிந்த ஈரம் காய்வதற்குள் பூதலிங்கம் பிள்ளை தாயம்மையைக் குடிசையைப் பிரிக்கச் சொல்லிவிட்டார். "அப்பா அப்படி ஒண்ணும் சொல்லல்ல" என்றார். கோர்ட்டுக்குப் போகலாம் என்றால் தாயம்மையிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அத்தை போய் ஊர்த்தலைவரிடம் சொன்னாள். அவர் பெரிய யோசனைக்குப் பிறகு, எப்போதும் சொல்வதையே சொன்னார்: வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு பேரும் அம்மன் கோயிலுக்கு வந்து சூடம் அணைத்துச் சொல்லட்டும்.

எங்கள் ஊரில் அதுதான் கடைசித் தீர்ப்பு. அம்மன் நடைக்கு நேரே கல்லில் ஒரு கட்டிச் சூடம் கொளுத்தி வைப்பார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு எரிகிற சூடத்தை வெறும் கையால் பொத்தி அணைக்க வேண்டும். அணைத்தால் சத்தியம். அதற்கு மேல் பேச்சுக் கிடையாது. கோர்ட்டில்கூட, கடவுள் பேரில் சொல்ல இஷ்டமில்லாதவன் வேறு விதமாக உறுதி சொல்ல வழி உண்டு. எங்கள் அம்மன் நடையில் அந்த வழி இல்லை.

வியாழக்கிழமை ஆபீஸ் விட்டு பஸ் இறங்கி நேரே அத்தை வீட்டுக்குப் போனேன்.

"அத்தை, உங்களுக்கு அது வெறும் சூடம்தானே. பொத்தி அணைச்சுட்டு வந்திருங்க. காரியம் முடிஞ்சு போகும்."

"அணைக்கேன்."

"அணைப்பேளா?" என்னால் நம்ப முடியவில்லை.

"அந்தப் பிள்ளைக்கு இருக்க இடம் போகுதே, கை சுட்டா என்ன? ஆனா நான் நம்பி அணைக்கதா அவிய நினைச்சிரப்பிடாது. அத முதல்ல சொல்லிருவேன்."

"என்னத்துக்குச் சொல்லணும்? யார் உங்களக் கேட்டா?"

"சாட்சி சொல்லப் போற எடத்துல, மக்கா. முதல் வார்த்தையே பொய்யா இருந்தா ரெண்டாவது வார்த்தைய எவன் எடுப்பான்?"

"எல்லாரும் எடுப்பான்" என்று கத்தினேன். "நம்ம ஊர்ல எல்லாரும் எடுப்பான்."

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். என்னை விட்டால் கூடியிருந்தவர்கள் முப்பத்தொரு ஆண்கள். பெண்கள் இரண்டே பேர்: அத்தை, வெளிமதிலோரம் தாயம்மை. பூதலிங்கம் பிள்ளை குளித்து, ஈர வேட்டியோடு, நெற்றி நிறையத் திருநீறோடு வந்தார். "எங்க அப்பா அப்படிச் சொன்னதும் இல்ல, நான் கேட்டதும் இல்ல, அம்மன் சாட்சி" என்றார். சூடத்தைப் பொத்தினார். கை நடுங்கவில்லை. நான் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு கட்டி கொளுத்தினார்கள். அத்தை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கல்லுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இது எரிஞ்சாலும் அணைஞ்சாலும் எனக்கு ஒண்ணுதான். எனக்கு இதுல நம்பிக்கை இல்ல. அது இங்க எல்லாருக்கும் தெரியும். ஊருக்கு இதுதான் வேணும்னா அணைக்கேன். அவரு வடமூலை தாயம்மைக்குன்னு சொன்னத என் ரெண்டு காதாலயும் கேட்டேன். பூதலிங்கம் 'சரிப்பா'ன்னு சொன்னான்."

கையை நீட்டினாள்.

"நில்லு, நில்லு" என்றார் தலைவர். "இது செல்லாது."

"ஏன் அண்ணாச்சி செல்லாது?"

"நம்பிக்கை இல்லேன்னுட்டு அணைச்சா அது என்ன சத்தியம்?"

"அடுப்புல கொள்ளிய அணைக்க மாதிரில்லா அணைக்கா" என்று பின்னாலிருந்து ஒருத்தர் சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். இன்னொருத்தர் பெரிய தத்துவத்தையே எடுத்து விட்டார்: "பயம் இருந்தாத்தானம்மா உண்மை வரும்? உனக்குத்தான் பயமே கிடையாதே."

அத்தை அவரைத் திரும்பிப் பார்த்தாள். "பயந்து சொன்னாத்தான் உண்மையா? பயமில்லாமச் சொன்னா ஆகாதா? அப்போ இங்க உள்ள எல்லாரும் பயம் விட்டுப்போனா பொய் சொல்லுவியளா?"

பதில் இல்லாதவர்கள் கோபப்படுவார்கள், அதையே செய்தார்கள். கோயிலில் நின்று எதிர்ப்பேச்சுப் பேசுகிறாள் என்று ஒரே சத்தம். அதற்குள் சூடம் எரிந்து தானாகவே தீர்ந்துவிட்டது. பூதலிங்கம் பிள்ளையின் சத்தியம்தான் செல்லும் என்று தலைவர் சொன்னார். முப்பத்தொரு பேரில் ஒருவர்கூட, அந்தக் கிழவர் எப்படிப்பட்டவர், இந்தப் பொம்பிளை இதுவரை ஒரு பொய்யாவது சொல்லியிருக்கிறாளா என்று யோசிக்கவில்லை. கிழவர் படுத்திருந்தபோது கஞ்சி கொடுக்க இவள் கையை நம்பினார்கள். அதே கை சூடத்தை அணைத்தால் செல்லாதாம்.

வெளியே வந்ததும் தாயம்மை அத்தையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அழவில்லை. ஏசினாள்.

"நம்பிக்கை இல்லேன்னு உங்கள இப்போ யாரும்மா கேட்டா? அந்த ஒத்த வார்த்தைய முழுங்கினா உங்களுக்கு என்ன கொறஞ்சு போகும்? உங்க பெருமைக்கு என் குடிசையா கெடச்சுது?"

அத்தை நின்று முழுக்கக் கேட்டுக்கொண்டாள். "என் வீட்டுப் பின்னால ஓலைச் சாய்ப்பு ஒண்ணு சும்மா கெடக்கு. வந்திரு" என்றாள்.

"விளக்கு வைக்காத வீட்டுல நான் எப்படிக் கெடப்பேன்?" என்று சொல்லிவிட்டுத் தாயம்மை போய்விட்டாள்.

அன்று எனக்கு அத்தை மேலும் கோபம், தாயம்மை மேலும் கோபம். தலைவர் மேல் இருந்ததைக் கோபம் என்று சொன்னால் போதாது.

அடுத்த வாரம் குடிசையைப் பிரித்துப் போட்டார்கள். அத்தை நாகர்கோவிலுக்குப் போய் ஒரு சின்னப் பித்தளை விளக்கும், கண்ணாடி போட்ட அம்மன் படமும் வாங்கி வந்தாள். கடைக்காரரிடம், "படத்துல உள்ளது மண்டைக்காட்டு அம்மன்தானா, நல்லாப் பாத்துச் சொல்லும். எனக்கு அடையாளம் தெரியாது. மாறிப்போனா அவ ஏசுவா" என்றாளாம். சாய்ப்பில் ஆணி அடித்துப் படத்தை மாட்டிவிட்டுத் தாயம்மையைக் கூட்டி வரப் போனாள். தாயம்மை வந்து பார்த்தாள். படம் கோணலாக இருக்கிறது என்று சொல்லி நேராக்கினாள். பிறகு தன் இரண்டு பானைகளையும் உள்ளே கொண்டு வந்து வைத்தாள்.

நடவுக்காலத்தில் தாயம்மை திரும்ப இருட்டிவிடும். அந்தி விளக்கு தவறக் கூடாது என்பது அவள் கட்டளை. ஆகவே அவள் வராத நாட்களில் அத்தை விளக்கைக் கொளுத்துவாள். இதை நான் ஒருநாள் பார்த்தபோது எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

"அன்னைக்கு அவ்வளவு நியாயம் பேசினேளே. இப்போ இது என்னவாம்?"

"இது அவ விளக்குல்லா? அவளுக்கு வர நேரமாகுது. மழை வந்தா அவ துணிய நான் எடுத்து உள்ள போடல்லியா?"

"துணியும் விளக்கும் ஒண்ணா?"

"எனக்கு ஒண்ணு. அவளுக்கு வேற. அதுக்குத்தான் நேரத்துக்குக் கொளுத்துகேன்."

இது ஊருக்குத் தெரிய எத்தனை நாளாகும்? அத்தை திருந்திவிட்டாள் என்றார்கள். அம்மன் பார்த்துக்கொண்டிருக்கிறாள், கடைசியில் காலடிக்குக் கொண்டு வந்துவிட்டாள் என்றார்கள். பூதலிங்கம் பிள்ளை சத்தியத்தின் சக்தி என்றும் ஒருத்தர் சொன்னார். பொய்ச் சத்தியம் செய்தவனுக்கு, அவனால் வீடிழந்தவளின் விளக்கைக் காட்டிச் சாட்சி சொல்கிறார்கள்! டீக்கடையில் நான் எழுந்து நின்று சத்தம் போட்டேன். எழுந்து போனவர்கள் மூன்று பேர். மற்றவர்கள் டீ குடித்தார்கள்.

இதற்கு நடுவில்தான் நாக்கு விஷயம் வந்தது. எங்கள் பக்கத்தில் கைநோவுக்கு மரத்தில் கை, கால்நோவுக்குக் கால் என்று செய்து மண்டைக்காட்டில் காணிக்கை போடுவார்கள். சொன்ன சொல்லில் குற்றம் இருந்தால் வெள்ளியில் ஒரு நாக்கு போட்டுவிட்டால் தீர்ந்துவிடும் என்று எங்கள் ஜனங்களே ஒரு குறுக்குவழியும் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். எங்கள் ஊர்த் தட்டாசாரி ஒருநாள் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். பேச்சுவாக்கில், பூதலிங்கம் பிள்ளைக்கு வெள்ளி நாக்கு செய்து கொடுத்தேன் என்றார்.

"எப்போ?" என்றேன்.

"செய்யச் சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்னாரு. அதுதான் நீங்கல்லாம் கோயில்ல கூடின அந்த வெள்ளிக்கிழமை."

அதாவது, பொய் சொல்வதற்கு மூன்று நாள் முன்னாலேயே பரிகாரத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டார். சூடத்தைப் பொத்தியபோது கை ஏன் நடுங்கவில்லை என்று அன்று புரிந்தது. பயம் இருந்தால் உண்மை வரும் என்று கோயிலில் தத்துவம் பேசியவரைத் தேடிப் போய் இதைச் சொன்னேன். "இருந்தாலும் நாக்கு போட்டிருக்காருல்லா, பயபக்தி உள்ள மனுஷன்" என்றார் அவர்.

நான் நேரே தலைவரிடம் போனேன். தட்டாசாரியையும் கூட்டிக்கொண்டு போனேன். பூதலிங்கம் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்கத் தலைவருக்குத் தைரியம் இல்லை. அம்மன் குற்றம் ஊர்மேல் வந்துவிடுமோ என்ற பயமும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியைக் கண்டுபிடித்துக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தியில் அத்தை வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். அத்தை அப்போதுதான் சாய்ப்பில் விளக்கைக் கொளுத்திவிட்டு விரலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கொள்ளாம் தங்கச்சி, நல்ல காரியம். கேள்விப்பட்டேன். இப்போ கண்ணாலயும் பாத்தாச்சு" என்றார் தலைவர். "ஊருக்குள்ள இந்த நாக்கு விஷயத்த ஒரு மாதிரியாப் பேசுகா. நான் ஒண்ணு சொல்லுகேன். அன்னைக்கு உனக்கு நம்பிக்கை இல்ல, சூடம் செல்லாதுன்னேன். இப்போ நீ விளக்கு வைக்கே. வாற வெள்ளிக்கிழமை வந்து இன்னொருக்கா அணை. செல்லும்னு நானே சொல்லுகேன். பூதலிங்கத்துக்கிட்ட நான் பேசிக்கிடுகேன். வடமூலை தாயம்மைக்கு."

நான் ஓடிப்போய்த் தலைவருக்கு ஒரு பாய் எடுத்துப் போட்டேன். தாயம்மை அந்த நேரம் வயலிலிருந்து வந்து, தலையில் புல்லுக்கட்டோடு முற்றத்தில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும்.

"விளக்கு நீதானே வைக்கே?" என்று கேட்டார் தலைவர்.

"நான்தான்" என்றாள் அத்தை.

"கும்பிட்டுத்தானே வைக்கே?"

அத்தை தாயம்மையைப் பார்த்தாள். முற்றத்தைப் பார்த்தாள். அவள் பதில் சொல்லத் தயங்கி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். பிறகு அவள் வாய் திறந்தது. எனக்கு அவளைத் தெரியும். அவள் 'ஆமா' என்றுதான் சொல்லப் போனாள்.

தொப்பென்று புல்லுக்கட்டு கீழே விழுந்தது.

"அது என் விளக்கு" என்றாள் தாயம்மை. "எண்ணெயும் திரியும் எனக்குள்ளது. அம்மாவுக்கு அதுல நம்பிக்கை ஒரு சொட்டு கிடையாது. நான் வர நேரமாகும்னு எனக்காகக் கொளுத்துகாவ."

"ஏ பிள்ளே, உனக்கு வேண்டித்தான பேசிக்கிட்டிருக்கேன்?"

"எனக்கு வேண்டாம் மொதலாளி. அவிய வாயால ஒரு பொய்ய வாங்கி அந்த மண்ணுல போய் நான் உக்காந்தா, எனக்கும் அந்த நாக்குப் போட்டவருக்கும் என்ன வித்தியாசம்?"

தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "ரெண்டும் பொழைக்கத் தெரியாத ஜென்மம்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வேறு யாரும் எடுக்கவில்லை. உண்மை இன்னதென்று அவருக்கும் தெரியும், அந்த முப்பத்தொரு பேருக்கும் தெரியும். வடமூலையில் பூதலிங்கம் பிள்ளை வாழை வைத்தார். நன்றாகக் குலை தள்ளியது. அடுத்த கொடைக்கு அதிலிருந்துதான் அம்மன் நடையில் குலைவாழை கட்டினார்கள், அவருக்குத்தான் முதல் மரியாதை. அம்மனுக்கு முன்னால் அந்தக் குலைகளைப் பார்த்துக்கொண்டு கைகூப்பி நின்றவர்களில் ஒருவருக்காவது கூசவில்லை.

அன்று அந்தியில் தலைவர் போனதும் நான் முற்றத்தில் நின்று கத்தினேன். கைக்கு வந்ததைத் தட்டிவிட்டீர்களே, உங்களுக்குப் புத்தி இருக்கிறதா என்று இரண்டு பேரையும் கேட்டேன். அவர்கள் என்னைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அத்தை கீழே சிதறிய புல்லைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள்.

"நான் 'ஆமா'ன்னு சொல்லியிருப்பேனே பிள்ளே" என்றாள். "அன்னைக்கு ஒத்த வார்த்தைய முழுங்கல்லேன்னு நீதான அந்த ஏச்சு ஏசினே?"

"அன்னைக்கு எனக்கு உங்களத் தெரியாதும்மா" என்றாள் தாயம்மை.